தூரம் ஒன்று, நேரம் பல

இரு நகரங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு, அதை விமானத்தில் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பது மிக எளிய கேள்வியாகத் தோன்றும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று கீழ் வகுப்புகளிலேயே கற்றுவிட்டோம். ஆனால் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம் என்று நால்வரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மூன்றரை மணி என்பார். ஒருவர் நான்கேகால் என்பார். மூன்றாமவர் டிக்கெட்டைப் பார்த்து ஆறேமுக்கால் என்பார். அங்கிருந்து விடுமுறைக்கு வந்தவரோ, “அரை நாள் போய்விட்டது” என்பார். வியப்பு என்னவென்றால், நால்வரும் சொல்வது உண்மையே! இது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சிங்கப்பூரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தந்தையோ தமையனோ அங்கே வேலை பார்க்கும் மாணவியர் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

நூலும் பூகோள உருண்டையும்

முதலில் தூரத்தைக் காண்போம். உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட ஒரு பெரிய வட்டத்தின் பகுதியாகும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர். இதைக் காண எளிய வழி ஒன்று உண்டு. பூகோள உருண்டையில் இரு நகரங்களின் மேலும் ஒரு நூலை வைத்துத் தளர்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே அப்பாதையில் போய் நிற்கும்.

சுமார் 30 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையின் சுற்றளவு ஏறக்குறைய 96 செ.மீ. பூமியின் சுற்றளவோ ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆகவே உருண்டையில் 1 செ.மீ. என்பது பூமியில் சுமார் 417 கி.மீ. ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை நூலை இழுத்து அளந்தால் 7 செ.மீ. வரும். பெருக்கினால் 2,919 கி.மீ. கிடைக்கும்.

நூலை நம்பாதவர்கள் கணக்கை நம்பலாம். சென்னை விமான நிலையம் வட அட்சம் 13.0 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகையிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வட அட்சம் 1.4 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 104.0 பாகையிலும் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. எனவே தெற்கு நோக்கிச் செல்ல வேண்டியது 11.6 × 111 = 1,288 கி.மீ.

கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டியது 23.8 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கி வருவதால், நடு அட்சமான 7.2 பாகையின் கொசைன் 0.992 ஆலும் பெருக்க வேண்டும். 23.8 × 111 × 0.992 = 2,621 கி.மீ.

இப்போது நமக்கு ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது! பைதாகரஸ் தேற்றத்தின்படி இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 2,920 கி.மீ. வருகிறது. நூல் சொன்னதும் தேற்றம் சொன்னதும் ஒன்றே. ஆயினும் ஓர் எச்சரிக்கை. பூமத்திய ரேகைக்கு அருகே, நடுத்தரத் தூரங்களுக்கு மட்டுமே இம்முறை இவ்வளவு சரியாக வரும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இதே முறையில் கணக்கிட்டால் 200 கி.மீ.க்கு மேல் பிழை வரும். அங்கெல்லாம் நூலே நல்லது.

அன்றும் அதே பாதை

நூல் செல்லும் வழியை உற்று நோக்குங்கள். அது வங்காள விரிகுடாவைக் கடந்து, நிக்கோபார் தீவுகளின் தென்முனைக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் அருகே சென்று, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்குகிறது. வரலாற்றுப் பாடத்தை மறவாதவர்களுக்கு இப்பெயர்கள் வேறு உருவில் நினைவுக்கு வரும். கி.பி. 1025-ஐ ஒட்டி முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. அதிலுள்ள மாநக்கவாரம் என்பது நிக்கோபார். இலாமுரிதேசம் என்பது சுமத்ராவின் வடபகுதி. கடாரம் என்பது மலேசியாவின் கெடா. அன்று பாய்மரம் சென்ற கடலின் மேல்தான் இன்று விமானம் செல்கிறது.

இடைக்காலத்தில் நீராவிக் கப்பல்கள் வந்தன. 1926-ல் கட்டப்பட்ட ராஜுலா என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிச் சென்றது. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். 1973-ல் அதன் இடத்திற்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் நேர்ந்த கொடிய தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அதன் பயணமும் முடிவுற்றது.

விமானமும் தொடக்கத்தில் இன்றுள்ள வேகத்தில் செல்லவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அதனைச் சென்னை வரை கொண்டுவந்தார். அச்சிறு விமானம் மணிக்கு ஏறக்குறைய 160 கி.மீ. வேகத்தில் பறந்தது. அதே வேகத்தில் இடையில் இறங்காமல் சிங்கப்பூருக்குச் செல்ல முடியுமானால், பதினெட்டு மணி நேரத்திற்கு மேல் ஆகியிருக்கும். தூரம் அன்றும் 2,920 கி.மீ.தான், இன்றும் 2,920 கி.மீ.தான். மாறியது நேரம் ஒன்றே.

எந்த மைல்?

தூரத்தைச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் கிலோமீட்டர் என்கிறோம். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைல் என்கின்றனர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. நிலத்தில் வழங்கும் மைலோ 1.609 கி.மீ. ஆகவே ஒரே தூரம் 2,920 கி.மீ. ஆகவும், 1,577 கடல் மைலாகவும், 1,814 நில மைலாகவும் எழுதப்படும். வெறும் எண்ணை மட்டும் சொன்னால் கேட்பவர் எதை நினைப்பார்?

தேர்வில் அலகு எழுத மறந்தால் அரை மதிப்பெண் போகும். விமானத்தில் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்கு ஒரு போயிங் 767 விமானம் புறப்பட்டது. அப்போது அந்நாடு பழைய அளவைகளை விட்டு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பயணத்திற்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். கணக்கில் கிலோகிராமுக்கான எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்கான எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். விமானத்தில் இருந்ததோ தேவையானதில் பாதிக்கும் குறைவு! நடுவானில் இரண்டு என்ஜின்களும் நின்றன. தலைமை விமானி ராபர்ட் பியர்சன், என்ஜின் இல்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். அப்பழக்கத்தால் அவர் விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர். கணித ஆசிரியை “அலகு எங்கே?” என்று கேட்கும்போது இனி நாம் சலித்துக்கொள்ளலாமா?

வகுத்தால் வருவதும் அட்டவணையில் இருப்பதும்

இன்றைய ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. நாம் 870 என்று வைத்துக்கொள்வோம். 2,920-ஐ 870-ஆல் வகுத்தால் 3 மணி 21 நிமிடம் வரும். ஆனால் கால அட்டவணையில் நான்கு மணிக்கு மேல்தான் போட்டிருக்கும். மிச்ச நேரம் எங்கே போயிற்று?

அட்டவணை நேரம் விமானம் தரையை விட்டு எழும்பும் கணத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. நிறுத்தியிருந்த இடத்தை விட்டு நகரும்போது தொடங்கி, மறு ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். முன்னே நிற்கும் விமானங்கள் போகும் வரை காத்திருக்க வேண்டும். மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் முழு வேகம் இராது. புறப்படும் திசையும் இறங்கும் திசையும் காற்றைப் பொறுத்து அமைவதால் சில வேளை சுற்றி வர வேண்டும். சாங்கி போன்ற நெரிசலான நிலையத்தில், இறங்க முறை வரும் வரை வானில் வட்டமிடவும் நேரிடலாம். இவற்றையெல்லாம் சேர்த்தால் நான்கேகால் மணி ஆகிறது.

இதை அறிந்தே விமானத்தில் எரிபொருளும் நிரப்பப்படுகிறது. செல்லும் தூரத்துக்கு மட்டும் நிரப்பினால் போதாது. இறங்க முடியாமற் போனால் வேறொரு நிலையத்துக்குச் செல்லவும், அதற்கு மேல் அரை மணி நேரம் பறக்கவும் கையிருப்பு வேண்டும் என்பது விதி.

காற்று கொடுப்பதும் எடுப்பதும்

அடுத்தது காற்று. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தூரம் சுமார் 5,540 கி.மீ. அங்கே மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் ஆறு போல ஓடும் ஜெட் காற்றோட்டம் இருக்கிறது. அதனால் கிழக்கே வரும் பயணம் மேற்கே செல்லும் பயணத்தை விட ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. 2020 பிப்ரவரியில் புயற்காற்று பின்னிருந்து தள்ள, ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

நம் பாதையில் அவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு விந்தை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊரில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அதே மாதங்களில் மிக உயரத்தில், அதற்கு எதிராகக் கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்றோட்டம் ஓடுகிறது! இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் இதனை 1958-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். பாய்மரத்தைக் கிழக்கே தள்ளும் காற்று கீழே. கிழக்கே செல்லும் விமானத்தைத் தடுக்கும் காற்று மேலே.

போகும்போது தடுக்கும் காற்று திரும்பும்போது தள்ளும், ஆகவே இரண்டும் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ. என்று கொள்க. எதிர்க்காற்றில் தரைமேல் வேகம் 770. அதற்கு 3 மணி 47½ நிமிடம் ஆகும். பின்காற்றில் வேகம் 970. அதற்கு 3 மணி ½ நிமிடம். ஆகமொத்தம் 6 மணி 48 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 6 மணி 43 நிமிடம்தான். காற்று எடுத்ததை முழுவதும் திருப்பிக் கொடுக்கவில்லை! தடுக்கும் காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், தள்ளும் காற்றில் குறைந்த நேரம் இருக்கிறோம் என்பதே காரணம்.

கடிகாரத்தின் வேடிக்கை

டிக்கெட்டைப் பார்த்து ஆறேமுக்கால் மணி என்றவரை மறந்துவிடவில்லை. சென்னையில் இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரில் விடியற்காலை 4.45-க்குச் சேர்கிறது என்று கொள்வோம். கழித்தால் 6¾ மணி. அங்கே இரவு 8 மணிக்குப் புறப்பட்டால் இங்கே 9.45-க்கு வந்துவிடுகிறது. கழித்தால் 1¾ மணிதான்! இரு டிக்கெட்டுகளிலும் எழுதியிருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதே இதன் இரகசியம்.

இதிலிருந்து உண்மையைக் கண்டுபிடிக்க நம் இயற்கணிதம் போதும். பறக்கும் நேரம் அ என்றும், கடிகார வேறுபாடு ஆ என்றும் கொள்க.

அ + ஆ = 6¾
அ − ஆ = 1¾

கூட்டி இரண்டால் வகுக்க, அ = 4¼ மணி. கழித்து இரண்டால் வகுக்க, ஆ = 2½ மணி. போகவும் வரவும் காற்றின் வேறுபாடு சிறிதாக இருக்கும் பாதைகளில், அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு விடைகளையும் பெற்றுவிடலாம்.

ஆனால் சூரியன் இதை ஒப்புக்கொள்கிறதா? பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். 23.8 பாகைக்கு 95 நிமிடம். சூரியனின் கணக்கில் வேறுபாடு 1 மணி 35 நிமிடம்தான். கடிகாரமோ 2½ மணி காட்டுகிறது. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டது. சிங்கப்பூர் இருப்பது 104 பாகையில் என்றாலும், அது பின்பற்றுவது 120 பாகைக்குரிய நேரத்தை. அதனால்தான் அங்கே சூரியன் காலை ஏழு மணியளவில் உதிக்கிறது. முன்பு வேறுபாடு 2 மணியாகவே இருந்தது. மலேசியாவுடன் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. விமானமும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. அட்டவணையில் மட்டும் பயணம் அரை மணி நீண்டுவிட்டது!

வாசலிலிருந்து வாசலுக்கு

கடைசியாக, அரை நாள் ஆயிற்று என்றவரிடம் வருவோம். எங்கள் எண்ணப்படி, நால்வரிலும் மிக முக்கியமான விடை இவருடையதே. வேலூருக்குப் பக்கத்தில் வீடுள்ள ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தங்குமிடத்திலிருந்து விமான நிலையம் செல்ல 1 மணி. வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி முன்னதாக வரச் சொல்வார்கள். விமானம் 4¼ மணி. சென்னையில் பாஸ்போர்ட் சோதனை, சுங்கச் சோதனை, பெட்டிக்குக் காத்திருத்தல் எல்லாம் 1 மணி. பேருந்தில் வேலூர் 3 மணி. கூட்டினால் 12¼ மணி! இதில் வானில் செல்வது மூன்றில் ஒரு பங்கு அளவே. விமானத்தின் வேகத்தை இருமடங்காக்கினாலும் மிச்சமாவது ஒன்றரை மணிக்குச் சற்றே அதிகம். தரையில் கழியும் 8 மணி அப்படியே நிற்கும்.

இது வெறும் கணக்கு அன்று. வீட்டில் பெரியவர் ஒருவர் கண்மூடிவிட்டார், மகன் சிங்கப்பூரில் இருக்கிறார் என்றால், உறவினர் கூடி முதலில் கேட்பது, “அவன் எப்போது வருவான்?” என்பதே. “நான்கு மணி நேரம்தானே, மதியத்துக்குள் வந்துவிடுவான்” என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி நேரம் குறித்துவிடுகிறார்கள். மகனோ முதலாளியிடம் விடுப்புப் பெற்று, கிடைத்த விமானத்தில் இடம் வாங்கி, ஊருக்கு வந்து சேரும்போது இரவாகிவிடுகிறது. தாயின் முகத்தையோ தந்தையின் முகத்தையோ கடைசியாக ஒருமுறை காண முடியாமற் போகும் துயரம், ஒரு தவறான கூட்டல் கணக்கால் வரக்கூடாதல்லவா? ஒரு வீட்டில் கணக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி இருந்தால், அவள் தாளும் பென்சிலும் எடுத்து, “மாமா, பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும், பொறுங்கள்” என்று சொல்லலாம். அந்த ஒரு சொல்லுக்காகவேனும் இப்பாடம் கற்கத்தக்கது.

ஆகவே தோழியரே, யாரேனும் எவ்வளவு நேரம் என்று கேட்டால், உடனே விடை சொல்லாதீர்கள். எங்கிருந்து எதுவரை, எந்த ஊர்க் கடிகாரத்தில், எந்தத் திசையில் என்று முதலில் கேளுங்கள். கேள்வி தெளிவானால் விடை தானே வரும்.

நீங்களும் முயன்று பாருங்கள்: டெல்லி வட அட்சம் 28.6 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 77.1 பாகையிலும் உள்ளது. நடு அட்சமான 20.8 பாகையின் கொசைன் 0.935. சென்னையிலிருந்து டெல்லிக்கு வான்வழித் தூரம் காண்க. விடை 1,760 கி.மீ.யை ஒட்டி வந்தால் உங்கள் கணக்குச் சரி. அலகு எழுத மறவாதீர்கள்!

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு